பிரம்பும் அன்பும்: வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை வளர்ப்பது பற்றிச் சில குறிப்புகள்

எமது நகரத்துத் தமிழ்ச் சபையில் ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில் ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார்: "சேர், பைபிள் பிரம்பை எடு எண்டு சொல்லுது. ஜேர்மன் சட்டம் எடுக்காதை எண்டு சொல்லுது. நாங்கள் ஆருக்குக் கீழ்ப்படியிறது?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பதினாறு, பதினொன்று, நான்கு என்று மூன்று வயதுகளில் மூன்று பிள்ளைகள். சிறுவர் நல அலுவலகத்தின் பெயரை நம்மவர்கள் எவ்வளவு அச்சத்தோடு உச்சரிக்கிறார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அன்று நான் ஏதோ மழுப்பலாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு உரிய பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

இச்சஞ்சிகையின் வாசகர்களில் பலர் மத நம்பிக்கை அற்றவர்கள் என்பதை அறிவேன். மதமே அதிகாரத்தின் கருவி என்று கருதுபவர்களுக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. ஜனநாயகம், பெண்விடுதலை, மாற்றுக் கருத்துக்கான உரிமை என்று பக்கம் பக்கமாக எழுதும் நாம், வீட்டுக் கதவைச் சாத்தியதும் யாராக இருக்கிறோம் என்பதே இங்கு பிரச்சினை. ஊரில் நான் ஆசிரிய மாணவர்களுக்குக் கல்வி உளவியல் படிப்பித்தவன். இங்கு வந்து தொழிற்சாலையில் முறைவேலை செய்பவன். இவ்விரண்டும் இக்கட்டுரையில் ஓரிடத்தில் வரவேண்டியிருப்பதால் முன்னரே சொல்லிவைக்கிறேன்.

1. வேதாகமம் சொல்வது என்ன?

முதலில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீதிமொழிகள் நூல் பிள்ளையைப் பிரம்பால் அடிக்கும்படி சொல்கிறது. ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில். அங்கு வரும் எபிரேயச் சொல் மேய்ப்பனின் கோலையும் குறிக்கும் என்பதைக் காட்டி, அது வழிநடத்தும் கோல், அடிக்கும் கோல் அல்ல என்று விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சங்கீதம் 23 இல் ஆறுதல் தரும் கோலும் அதே சொல்தான். ஆனால் நீதிமொழிகள் 23 ஆம் அதிகாரம் அடித்தால் பிள்ளை சாகமாட்டான் என்ற பொருளிலேயே பேசுகிறது. மேய்ப்பனின் கோலை வைத்து அந்த வசனத்திலிருந்து தப்ப முடியாது.

ஆனால் அதே வேதாகமத்தில் உபாகமம் 21 ஆம் அதிகாரமும் இருக்கிறது. அடங்காத மகனை, உண்டு குடித்து அழிக்கும் மகனைத் தாயும் தகப்பனும் ஊர்வாசலுக்குக் கொண்டுபோய் மூப்பர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஊரவர்கள் அவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும். எந்தக் கிறிஸ்தவத் தகப்பனும் இதைச் செய்வதில்லை. கல்லை விட்டுவிட்ட நாம் பிரம்பை மாத்திரம் பிடித்துக்கொண்டிருப்பது வேதத்துக்குக் கீழ்ப்படிவதனால் அல்ல. பிரம்பு எமக்கு வசதியாக இருப்பதனால்தான்.

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதப்பட்ட நிருபங்கள் பிள்ளைகளைக் கீழ்ப்படியச் சொல்கின்றன. நமது பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்த வசனத்தோடு நின்றுவிடும். ஆனால் அடுத்த வசனம் தகப்பன்மாரை நோக்கியது. பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதீர்கள், அவர்கள் மனந்தளர்ந்து போவார்கள் என்பது அதன் கருத்து. பிள்ளைகளின் உயிர் மீதே தகப்பனுக்கு அதிகாரம் கொடுத்திருந்த உரோமச் சட்டத்தின் கீழ் இது எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தகப்பனின் அதிகாரத்துக்கு வரம்பு உண்டு என்பதும், அந்த வரம்பு பிள்ளையின் மனம் என்பதும் அன்று புதிய செய்தி.

2. கணக்கு வைக்காத அன்பு

கிறிஸ்தவ அன்பு என்றதும் நமக்கு ஓர் இளகிய உணர்ச்சி நினைவுக்கு வருகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 13 ஆம் அதிகாரத்தில் அன்பை உணர்ச்சியாக அல்ல, நடத்தையாகவே விளக்குகிறார். பொறுத்தல், தயவு காட்டுதல், தன்னுடையதைத் தேடாமை என்று போகும் அப்பட்டியலில் தீமையைப் பற்றி வரும் இடத்தில் அவர் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல் கணக்குப் பதிவோடு தொடர்புடையது. பிறர் செய்த தீங்கை ஏட்டில் எழுதிவைத்து வட்டி பார்க்காதிருத்தல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

புகலிடத்தில் தமிழ்ப் பெற்றோரிடம் இரண்டு ஏடுகள் இருக்கின்றன. ஒன்றில் பிள்ளைகளின் தவறுகள். மற்றதில் எமது தியாகங்கள். முதலாவதை விட இரண்டாவதே கொடியது என்று நான் கருதுகிறேன். "உங்களுக்காகத்தானே இந்தக் குளிருக்குள்ளை வந்து கஷ்டப்படுறம்" என்ற ஒரு வசனத்தை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! எந்தப் பிள்ளையும் கையொப்பமிடாத கடன் பத்திரம் அது. வைத்தியராகவோ பொறியியலாளராகவோ ஆகி, எமது சாதிக்குள் கலியாணம் செய்துதான் அதைக் கட்டி முடிக்க வேண்டும். இதை அன்பு என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் துரோகம்.

3. இரண்டு பிள்ளைகள், இரண்டு விதம்

"எனக்கு எல்லாப் பிள்ளையளும் ஒண்டுதான்" என்று பெருமையாகச் சொல்லாத பெற்றோர் இல்லை. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுவே பல அநீதிகளுக்குத் தொடக்கம். லூக்கா 15 ஆம் அதிகாரத்து உவமையை நாம் கெட்ட குமாரன் கதை என்றே அழைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது இரண்டு மகன்களின் கதை.

சொத்தை அழித்துவிட்டு வந்த இளையவன் உபாகமத்தின்படி கல்லெறிக்குரியவன். தகப்பன் அவன் மன்னிப்புக் கேட்டு முடிக்குமுன்னரே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். மூத்தவனோ வயலிலிருந்து வந்து, வீட்டுக்குள் நுழைய மறுத்து வெளியே நிற்கிறான். இத்தனை வருடமும் அடிமைபோல வேலை செய்த எனக்கு நண்பர்களோடு கொண்டாட ஒரு ஆட்டுக்குட்டி கூடத் தரவில்லையே என்பது அவனது முறைப்பாடு. தகப்பன் அவனை உள்ளே வரச்சொல்லி ஆள் அனுப்பவில்லை. தானே வெளியே வந்து, கெஞ்சி, தனக்குள்ளதெல்லாம் அவனுடையதே என்று சொல்கிறான். ஒருவனுக்கு ஓட்டமும் அணைப்பும். மற்றவனுக்கு வெளியே வந்து நின்று பேசும் பேச்சு. அன்பு ஒன்று, நடத்திய விதம் இரண்டு. மூத்தவன் பிறகு உள்ளே போனானா என்பதைக் கதை சொல்லாமலே முடிகிறது.

புகலிடக் குடும்பங்களில் அந்த மூத்தவன் பெரும்பாலும் மூத்த மகள். என் மூத்தவள் 1998 இல் ஊரில் பிறந்து, ஒன்பது வயதில் இங்கு வந்தாள். ஒரு வருடத்தில் எங்கள் எல்லோரையும் விட நன்றாக ஜேர்மன் பேசினாள். வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம், வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம், தம்பியின் பாடசாலைக் கூட்டம் எல்லாம் அவளது தலையில். 2010 இல் என் மனைவி மூன்றாவது பிள்ளைக்குக் கர்ப்பமாக இருந்தபோது, வைத்தியர் சொன்னதைத் தாய்க்கு மொழிபெயர்த்தவளும் அவள்தான். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு. நாங்கள் அதை அவளது கெட்டித்தனம் என்று சொல்லிப் பெருமைப்பட்டோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கக்கூடாத சொற்களை அவள் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நான் நினைக்கவில்லை. அவளுக்கு நான் கொடுக்காத ஆட்டுக்குட்டிகளை இன்று எண்ணிப் பார்க்கிறேன்.

வேதாகமத்தின் ஆதியாகமமும் இந்த விடயத்தில் ஒளிவுமறைவு இல்லாதது. ஈசாக்குக்கு மூத்தவன் செல்லம், ரெபெக்காளுக்கு இளையவன் செல்லம். அந்த வீட்டில் வளர்ந்த யாக்கோபு தன் பிள்ளைகளில் யோசேப்புக்கு மாத்திரம் தனி அங்கி செய்து கொடுக்கிறான். தமையன்மார் அவனை விற்றுவிடுகிறார்கள். பாரபட்சம் ஒரு தலைமுறையோடு நின்றுவிடுவதில்லை.

4. வயதுக்கு ஏற்ற பங்கு

பிள்ளையின் வயதைக் கவனித்தல் நவீன உளவியலின் கண்டுபிடிப்பு என்றே நானும் முன்பு நினைத்திருந்தேன். கி.பி. 407 இல் இறந்த யோவான் கிறிசோஸ்தோம், வீண்பெருமை பற்றியும் பிள்ளைகளை வளர்ப்பது பற்றியும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதில் சிறு பிள்ளைக்குக் காயீன் - ஆபேல் கதையை முதலில் சொல்லச் சொல்கிறார். அதன் பின் ஏசா - யாக்கோபு கதை. இரண்டுமே சகோதரர் கதைகள். கதையைப் பிள்ளையே திருப்பிச் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். அச்சமூட்டும் கதைகளைப் பிள்ளை வளர்ந்த பின்பே சொல்லலாம். நரகத்தைப் பற்றியோ பதினைந்து வயதுக்கு முன் பேசவேண்டாம் என்கிறார். நமது ஞாயிறு பாடசாலைகள் இதைக் கேட்டால் நல்லது. பிரம்பைப் பற்றியும் அவர் ஒன்று சொல்கிறார்: அடிக்கடி அடித்தால் பிள்ளை அடியை அலட்சியம் செய்யப் பழகிவிடும், அச்சம் இருக்கலாம், அடி வேண்டாம். இது இன்றைய நிலைப்பாடு அல்ல. ஆயினும் அந்தக் காலத்துக்கு இது பெரிய நகர்வு.

அமெரிக்கப் போதகர் ஹொரேஸ் புஷ்நெல் 1847 இல் முதலில் வெளியிட்டு, பின்னர் 1861 இல் விரிவாக்கிய கிறிஸ்தவ வளர்ப்பு பற்றிய நூலில் குழந்தைப் பருவத்தை இரண்டாகப் பிரிக்கிறார். மொழி வருமுன் உள்ள பருவம், மொழி வந்த பின் உள்ள பருவம். முதலாவதில் பிள்ளை எமது சொல்லைக் கேட்பதில்லை. எமது முகத்தையும் குரலையும் கைகளையுமே படிக்கிறது. மூன்று வயதுக்குள் பெற்றோரின் வேலையில் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. கணவனும் மனைவியும் மாறி மாறி முறைவேலை செய்யும் வீடுகளில் இது கசப்பான செய்தி.

அடுத்த பருவத்துக்கு நான் படிப்பித்த பியாஜே உதவுவார். 1932 இல் வெளிவந்த நூலில் அவர் பிள்ளைகளிடம் இரண்டு கதைகளைச் சொல்லிக் கேட்கிறார். ஒரு சிறுவன் தெரியாமல் கதவைத் தள்ளிப் பதினைந்து கோப்பைகளை உடைக்கிறான்; இன்னொருவன் களவாகப் பழப்பாகு எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் கூடாதவன்? சிறிய பிள்ளைகள் பதினைந்து உடைத்தவனையே சொல்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் நோக்கத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே ஒரே பொய்க்கு ஐந்து வயதுப் பிள்ளையையும் பத்து வயதுப் பிள்ளையையும் ஒரே விதமாக விசாரிப்பது நீதியல்ல. கோபத்தில் நாமோ ஐந்து வயதுப் பிள்ளைபோல உடைந்த கோப்பைகளைத்தான் எண்ணுகிறோம்.

பதின்ம வயதுக்கு லூக்கா 2 ஆம் அதிகாரம் இருக்கிறது. பன்னிரண்டு வயது இயேசு பெற்றோருக்குச் சொல்லாமல் எருசலேமில் தங்கிவிடுகிறார். தாய் தேடிக் களைத்துக் கண்டுபிடித்ததும் கேட்கும் கேள்வி எந்தத் தாயும் கேட்பது. பிள்ளையின் பதிலோ பெற்றோருக்கு விளங்கவில்லை என்று சுவிசேஷமே எழுதுகிறது. விளங்காததற்காக அவர்கள் அடிக்கவுமில்லை, கைவிடவுமில்லை. பிள்ளை கூடவே போய்க் கீழ்ப்படிந்திருந்தது. தாய் அதை மனதில் வைத்திருந்தாள். பதின்ம வயதுப் பிள்ளையோடு வாழ்வதென்றால் விளங்காததை மனதில் வைத்திருக்கப் பழகுவதுதான்.

5. எப்வேர்த்தும் தரங்கம்பாடியும்

நான் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவன். எமது சபையின் தாயாகப் போற்றப்படுபவர் ஜோன் வெஸ்லியின் தாய் சுசன்னா. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார். பத்துப் பேர் தப்பினர். 1732 இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில் தன் முறையை விளக்குகிறார். பிள்ளையின் சுயசித்தத்தைச் சீக்கிரமே அடக்க வேண்டும். ஒரு வயதுக்குள் பிரம்புக்குப் பயந்து மெதுவாக அழப் பழக்கினேன் என்கிறார். இதை வாசிக்க நெஞ்சு பதறுகிறது. அதே கடிதத்தில்தான் வேறு விதிகளும் இருக்கின்றன: குற்றத்தை ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு அடி இல்லை, ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டனை இல்லை.

ஆனால் அவர் செய்தவற்றில் மிகச் சிறந்தது இதற்கெல்லாம் முந்தியது. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. தரங்கம்பாடிக்கு 1706 இல் வந்து, திண்ணைப் பள்ளியில் சிறு பிள்ளைகளோடு இருந்து மணலில் தமிழ் எழுதிப் படித்த சீகன்பால்குவும் அவரது தோழரும் அனுப்பிய செய்திகள் இலண்டனில் ஆங்கிலத்தில் அச்சாகின. அந்நூல் எப்வேர்த் என்ற கிராமத்திலிருந்த சுசன்னாவின் கைக்கு எட்டியது. 1712 இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில், தான் அதனால் மிகவும் அசைக்கப்பட்டதையும், தன் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கத் தீர்மானித்ததையும் சொல்கிறார். என்ன செய்தார்? வாரத்தின் ஒவ்வொரு மாலையையும் ஒரு பிள்ளைக்கென ஒதுக்கினார். திங்கள் மொலி, செவ்வாய் ஹெற்றி, புதன் நான்சி, வியாழன் ஜக்கி என்று போகும் அந்த ஒழுங்கு. ஞாயிறு மாத்திரம் இருவர். அந்த வேளையில் மற்றப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பிள்ளையோடு தனியே பேச்சு. வியாழக்கிழமை ஜக்கிதான் ஜோன். வளர்ந்து ஒக்ஸ்போர்டில் இருந்த காலத்திலும் அந்த வியாழன் மாலையில் தனக்கொரு பங்கு தரும்படி தாயிடம் கேட்டு எழுதினார். பிரம்பைத் திருப்பித் தரும்படி அவர் கேட்டதாக எங்கும் இல்லை.

இந்த வீட்டையும் நான் இலட்சியமாக்கவில்லை. செவ்வாய்க்கிழமைப் பிள்ளை ஹெற்றி, தான் விரும்பியவனை மணக்கத் தகப்பன் மறுத்ததால் 1725 இல் வீட்டை விட்டுப் போனாள். கர்ப்பமாகத் திரும்பி வந்தாள். போதகரான தகப்பன் ஓடிப்போய் அணைக்கவில்லை. பொருத்தமற்ற ஒருவனுக்கு மணமுடித்து அனுப்பினார், மன்னிக்கவேயில்லை. அடுத்த வருடம் ஜோன் தகப்பனின் சபையிலேயே பாவம் செய்தவர்களிடமும் காட்டவேண்டிய அன்பு பற்றிப் பிரசங்கம் செய்து அவரது கோபத்துக்கு ஆளானார். லூக்கா 15 ஐப் பிரசங்கிப்பது சுலபம். சாதி மாறியோ நிறம் மாறியோ ஒருவரை விரும்பிய மகளுக்குக் கதவடைத்த நமது வீடுகளிலும் அந்த அதிகாரம் உரத்து வாசிக்கப்படுகிறது.

6. அறிவு போதாது

கத்தரினா ருட்ஷ்கி 1977 இல் பழைய ஜேர்மன் வளர்ப்பு நூல்களைத் தொகுத்து அவற்றுக்குக் கறுப்புக் கல்வியியல் என்று பெயரிட்டார். அலிஸ் மில்லர் 1980 இல் அச்சொல்லை எடுத்து, அடியோடு வளர்ந்த பிள்ளை பின்னர் அடிப்பவனாகவோ அடிப்பவனைத் தொழுபவனாகவோ ஆவதை விளக்கினார். எமது இயக்க அரசியலைப் புரிந்துகொள்ள இந்நூல் உதவும் என்று நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மில்லரின் மகன் மார்ட்டின் 2013 இல் தன் நூலில், தகப்பன் தன்னை அடித்ததையும் தாய் காப்பாற்றாததையும் எழுதினார். இதனால் மில்லரின் கருத்து பொய்யாகிவிடாது. அறிவது வேறு, செய்வது வேறு என்பதே இங்கு தெரிவது.

எனக்கும் அது தெரியும். 2016 இல் ஒரு நாள் இரவு வேலை முடிந்து காலையில் வந்தேன். மேசையில் வதிவிட அனுமதி தொடர்பான கடிதம், அதன் மேல் நிறப்பேனைகளால் பெரிய வீடும் சூரியனும். ஆறு வயதுச் சின்னவள் வரைந்திருந்தாள். நான் அடித்தது அவளை அல்ல. பதின்மூன்று வயது மகனை அடித்தேன். "நீ மூத்தவன், பாத்துக்கொள்ளாமல் என்ன செய்தனி?" அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், இரண்டாவது அடி விழுந்தது. சின்னவள் மேசைக்குக் கீழே போய் இருந்துவிட்டாள். பிறகு பல நாட்கள் அவள் எதையும் வரையவில்லை. பியாஜேயை எத்தனையோ வருடம் படிப்பித்தவன் நான்.

அலுவலகம் கடிதத்தின் இன்னொரு பிரதியைப் பிரச்சினையின்றித் தந்தது. மகன் பல வருடங்களின் பின் அதைப்பற்றிக் கதைத்தான். "அடி நோகேல்லை அப்பா. நான் சொல்ல வந்ததை நீங்கள் கேக்கேல்லை, அதுதான்." அவன் சொல்ல வந்தது இதுதான்: அவனுக்கு அன்று காய்ச்சல், படுத்திருந்தான்.

7. சில மறுப்புகள்

பிரம்பு மிசனரிகள் கொண்டுவந்தது என்று சிலர் சொல்வர். மிசன் பள்ளிகளில் பிரம்பு இருந்தது உண்மை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனை எமது திண்ணைப் பள்ளிகளுக்கு உரியது. பிரம்புக்குத் தேசியம் இல்லை. அதுபோல அன்பும் கிறிஸ்தவர்களின் தனிச்சொத்தல்ல. திருக்குறளில் மக்கட்பேற்றை அடுத்து அன்புடைமை வைக்கப்பட்டிருக்கிறது.

அடி வாங்கித்தானே நாங்கள் நன்றாக வந்தோம் என்பது இன்னொரு வாதம். நன்றாக வந்தோமா என்பதை நமது பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.

சட்டம் வெள்ளைக்காரனின் தலையீடு என்பவர்களுக்கு ஒரு வரலாறு. 1978 இல் பிராங்பேர்ட்டில் ஜேர்மன் புத்தக வர்த்தகத்தின் சமாதானப் பரிசைப் பெற்ற சுவீடன் எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரன், ஏற்பாட்டாளர்கள் தயங்கியும் விடாமல், வன்முறையற்ற வளர்ப்புப் பற்றியே உரையாற்றினார். அதில் ஒரு மூதாட்டி தனக்குச் சொன்ன கதையைச் சொன்னார். வேதாகமத்தின் பிரம்பை நம்பிய காலத்து இளம் தாய் அவள். தவறு செய்த சிறுவனைத் தோட்டத்தில் ஒரு தடி தேடிவரும்படி அனுப்பினாள். அவன் நெடுநேரம் கழித்து அழுதபடி ஒரு கல்லோடு வந்தான். தடி கிடைக்கவில்லை, இதால் எறியலாம் என்றான். அம்மாவுக்கு என்னை நோகப்பண்ண வேண்டும், அதற்குக் கல்லும் போதும் என்று பிள்ளை விளங்கியிருந்தது. தாய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தக் கல்லைக் குசினித் தட்டில் வைத்துவிட்டாள். அடுத்த வருடம், 1979 இல், உலகில் முதல் நாடாகச் சுவீடன் பெற்றோர் அடிப்பதைத் தடைசெய்தது. நோர்வே 1987 இல். ஜேர்மனி 2000 நவம்பரில் குடியியற் சட்டத்தின் 1631 ஆம் பிரிவைத் திருத்திப் பிள்ளைகளுக்கு வன்முறையற்ற வளர்ப்புக்கான உரிமையைக் கொடுத்தது. உளக்காயமும் இழிவுபடுத்தலும் அதில் அடங்கும். இவர்களும் அடித்து வளர்த்தவர்களே. பிந்தித்தான் திருந்தினார்கள்.

ஆகவே அந்தத் தகப்பனுக்கு என் பதில்: வேதத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் நீங்கள் தெரிவு செய்ய வேண்டியதில்லை. சட்டம் கையைத் தடுக்கிறது. வேதம் கேட்பது அதைவிட அதிகம். உங்கள் பதினாறு வயதுப் பிள்ளையிடம் வெளியே போய் நின்று பேசுங்கள். பதினொரு வயதுப் பிள்ளையின் நோக்கத்தை விசாரியுங்கள். நான்கு வயதுப் பிள்ளையின் முன் முகத்தைக் கவனியுங்கள். வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மணித்தியாலம், மற்றவர்கள் இல்லாமல்.

நான் இதைப் பிந்தித்தான் தொடங்கினேன். முறைவேலை மாறும் வாரங்களில் தவறிப் போகிறது. சின்னவளுக்குச் சனிக்கிழமை, மகனுக்குப் புதன். மூத்தவள் இப்போது வேறு நகரத்தில் வேலை. வியாழக்கிழமைகளில் தொலைபேசி எடுக்கிறேன். சில வாரம் கதைக்கிறாள், சில வாரம் நேரமில்லை என்கிறாள். அது அவளது உரிமை.

இவை முடிந்த முடிபுகள் அல்ல. மறுப்பவர்கள் எழுதட்டும், பிள்ளைகளாக இருந்தவர்களும், முக்கியமாக மூத்த பிள்ளைகள், எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.